சென் பியேர்: மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு நகர்

மேற்கிந்திய தீவுகளின் படத்தை விரித்து நோக்குவோர், அத்திலாந்திக்குச் சமுத்திரத்தையும் கரிபியன் கடலையும் வேறுபிரிக்கும் வில்வடிவான தீவு வரிசையொன்றைக் காண்பர். அவ்வரிசையில் தொமினிக்காவுக்குத் தெற்கேயும் சென் லூசியாவுக்கு வடக்கேயும் கிடப்பது பிரான்சுக்குரிய மார்த்தினிக் தீவு. அதன் வடமேற்குக் கரையிலே சென் பியேர் என்னுஞ் சிற்றூர் உளது. இன்று அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 4,000 பேர். 1902-ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ அவ்வூர் 26,000 மக்களைக் கொண்டு, அத்தீவின் முதல் நகராகவும் சிறிய அந்தில்லீசுத் தீவுகளின் பாரிசு எனப் புகழப்பெற்றதாகவும் விளங்கிற்று. அவ்வாண்டு மே மாதம் 8-ஆம் நாட் காலையில் இரண்டொரு நிமிடத்துள் அது அழிந்தது.

அழிவின் கதையைப் பலர் எழுதியுள்ளனர். ஆயினும் இரு வாரங்களாக மலை புகைந்து சாம்பலைச் சொரிந்தபோதும் மக்கள் ஏன் நகரைவிட்டு அகலவில்லை என்னும் வினாவுக்கு வழங்கிவரும் விடை பெரும்பாலும் ஒன்றே. தேர்தல் நெருங்கியதால் அதிகாரிகள் மக்களைப் போகவிடாது தடுத்தனர் என்பதே அவ்விடை. இவ்விடை முழுவதும் உண்மையன்று. உண்மையை அறிய வேண்டின் அந்நகர் அமைந்த இடத்தின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

மார்த்தினிக்கின் வடபாகம் முழுவதும் மலைப் பிரதேசம். அதன் உச்சி, ஏறக்குறைய 4,600 அடி உயரமுள்ள பெலே மலை. பெலே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு வழுக்கை என்பது பொருள். மரஞ்செறிந்த தீவிலே மொட்டையாய்த் தோன்றிய சிகரத்துக்கு அப்பெயர் பொருந்துவதே. அதன் உச்சிக்குத் தெற்கே 4 மைலுக்குச் சற்று அப்பால், ஒரு திறந்த விரிகுடாவின் ஓரமாக, நகரம் நீண்டு கிடந்தது. பின்னாற் செங்குத்தான மேடுகள், முன்னாற் கடல். ஆதலின் அகலத்திற் பரவ இடமின்றி நகர் நீளத்திலேயே வளர்ந்தது. றொக்சலான் என்னும் சிற்றாறு அதனை இரண்டாகப் பிரித்தது. ஆற்றுக்கு வடக்கே கோட்டைப் பகுதி. தெற்கே மூயாஜ், அஃதாவது நங்கூரமிடும் இடம், எனப்பட்ட வணிகப் பகுதி. நகருக்கு வடக்கே, மலையுச்சியின் தென்மேற்குப் பக்கமாக இறங்கிக் கடலை அடையும் பிளான்சு ஆற்றின் பள்ளத்தாக்கொன்று உண்டு. அப்பள்ளத்தாக்கை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் நன்று. நகரின் விதி அதனைப் பற்றிய ஒரு கணக்கிலே தங்கியிருந்தது.

துறைமுகம் என்று சொல்லத்தக்க காப்பு எதுவும் அங்கில்லை. விரிகுடா மேற்கு நோக்கித் திறந்து கிடப்பது. தெற்கேயுள்ள போர்த் த பிரான்சு நகரோ நாற்புறமும் ஒதுக்குள்ள சிறந்த குடாவை உடையது. அவ்வாறாகவும் வணிகம் முழுவதும் சென் பியேரையே நாடியது ஏன்? பாய்க்கப்பற் காலத்து நிலைமையை எண்ணினால் இதற்கு விடை கிடைக்கும். அத்தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதியிலும் வீசுவது கிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று. பெலே மலை அக்காற்றைத் தடுத்து நிற்றலால் மேற்குக் கரை காற்றொதுக்காய் அமைந்தது, அலை குறைவு. கரையை விட்டுப் புறப்படும் கப்பலுக்கோ நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றே துணை. மேலும் அங்குக் கடலடி சடுதியாக ஆழ்கின்றமையால் பெருங்கப்பல்களும் கரைக்கு மிக அண்மையில் நங்கூரமிடலாம். சீனி நிறைந்த பீப்பாக்களையும் றம் நிறைந்த பீப்பாக்களையும் கடற்கரை மணலில் உருட்டிச் சென்று படகிலேற்றினாற் போதும். சதுப்பு நிலஞ் சூழ்ந்து காய்ச்சலுக்கு இடமாயிருந்த போர்த் த பிரான்சிலும் பார்க்க, மலையிலிருந்து தெளிந்த நீரோடிவரும் சென் பியேர் உடல்நலத்துக்கும் உகந்தது. சூறாவளிக் காலத்தில் மாத்திரம் கப்பல்கள் தெற்கே ஒதுங்கின. 1780-ஆம் ஆண்டு ஒக்டோபரில் வீசிய பெருஞ்சூறாவளியின்போது கடல் எழுந்து கரையோர வீடுகளை வாரிச் சென்றது. ஆயினும் நகர் இடம் பெயரவில்லை. மீண்டும் அங்கேயே எழுந்தது. ஆக, அந்நகருக்கு வாழ்வளித்தது மலை. காற்றைத் தடுத்ததும் மலை. நீரைத் தந்ததும் மலை. கரும்பு விளைந்த வளமண்ணும் பண்டைக்கால எரிமலைச் சாம்பலின் கொடையே.

பிரெஞ்சுக்காரர் அங்கு வந்திறங்கியது 1635-இல். பியேர் பெலான் தெசுநம்புக் என்பான் றொக்சலான் ஆற்றுமுகத்தருகே கோட்டையொன்றை எழுப்பினான். தீவின் பூர்வகுடிகளாகிய கலினாகோ மக்களோடு நிகழ்ந்த போர்கள் 1658 அளவில் அவர்களைப் பெரும்பாலும் ஒழித்தன. பின்னர்க் கரும்பும் அடிமை வணிகமும் வந்தன. ஆட்சித் தலைமை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கே போர்த் றோயலுக்கு, அஃதாவது பிற்காலத்துப் போர்த் த பிரான்சுக்கு, மாறியபோதும் செல்வத்தின் தலைமை சென் பியேரிலேயே நிலைத்தது.

அச்செல்வத்தின் அடித்தளமாயிருந்தோர் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள். அவர்தம் விடுதலையும் இந்நகரிலேயே வெளிப்பட்டது. பாரிசிலிருந்த குடியரசு அரசாங்கம் 1848 ஏப்பிரில் 27-இல் அடிமை முறையை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. ஆணை கடலைக் கடந்து வருமுன்னரே, மே மாதம் 20-ஆம் நாள், அயலூராகிய பிறெசேருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் பறை அடித்தான் என்னுங் குற்றத்துக்காக றொமேன் என்னும் அடிமை சிறைப்படுத்தப்பட்டான். மக்கள் திரண்டனர். 22-ஆம் நாள் சென் பியேரிற் குருதி சிந்தியது, வீடுகள் எரிந்தன. மறுநாள் தேசாதிபதி றொசுத்தொலான் ஆணையை எதிர்பாராமலே விடுதலையை அறிவித்தான். 70,000-க்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். பாரிசின் ஆணை வந்து சேர்ந்தபோது விடுவிக்க எவரும் எஞ்சியிருக்கவில்லை.

விடுதலை பெற்றோருட் பலர் கரும்புத் தோட்டத்தை மீண்டும் மிதிக்க விரும்பிலர். தோட்ட முதலாளிகள் மாற்றுக் கைகளைத் தேடிக் கீழ்த்திசையை நோக்கினர். இவ்விடத்திலேதான் தமிழர் வரலாறு அந்நகரின் வரலாற்றோடு இணைகின்றது. 1853 மே மாதத்தில் ஓரேலி என்னுங் கப்பல், இந்தியாவின் பிரெஞ்சுக் குடியேற்றங்களிலிருந்து முதற் கூலித் தொகுதியை ஏற்றிக்கொண்டு சென் பியேர்க் கரையை அடைந்தது. புதுச்சேரி, காரைக்கால் ஆகியவற்றின் ஊடாக அதன்பின் ஆண்டுதோறும் கப்பல்கள் சென்றன. 1861-இல் ஏற்பட்ட பிரித்தானிய-பிரெஞ்சு உடன்படிக்கை பிரித்தானிய இந்தியாவிலும் ஆட்சேர்க்க வழிதிறந்தது. 1883 வரை மார்த்தினிக்குக்குச் சென்றோர் 25,000-க்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலார் தமிழர். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பது பெயர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியோர் ஒரு பகுதியினரே. நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டோர் பலர். அங்கேயே வேரூன்றியோர் பிறர்.

வேரூன்றியோர் மொழியை இழந்தனர், எல்லாவற்றையும் இழந்துவிடவில்லை. தீவின் வடகரையிலுள்ள பாசு புவாந்து முதலிய ஊர்களில் அவர்கள் எழுப்பிய கோயில்கள் உள. மாரியம்மன் அங்கு மாலியெமேன் ஆயினாள். மதுரைவீரன் மால்தெவிலேன் ஆயினான். பொருளறியாது வாய்வழியாகக் காத்த தமிழ்ப் பாடல்கள் பூசையிற் பாடப்பட்டு வந்தன. அத்தீவினர் மல்லி, சீரகம், மஞ்சள் முதலியன சேர்த்தரைத்த சரக்குத் தூளையும் அதிற் சமைத்த கறியையும் கொலம்போ என வழங்குவர். அப்பெயர் இலங்கைத் தலைநகரின் பெயரே என்பாரும், குழம்பு என்னுஞ் சொல்லின் திரிபு என்பாரும் உளர். எதுவாயினும் ஒரு சமையற் பெயர் அத்துணைத் தூரம் சென்று நிலைத்தமை வியப்பே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென் பியேர் தன் உச்சநிலையில் இருந்தது. றம் வடிசாலைகளின் எண்ணிக்கையால் அது உலகப் புகழ் பெற்றது. 1786-இல் எழுந்த நாடகசாலை, தாவரவியற் பூங்கா, பேராலயம், லீசே எனப்படும் உயர்கல்லூரி, வணிகக் கழகம், குதிரை இழுக்கும் திறாம் வண்டி, மின்விளக்கு ஆகியன அங்கிருந்தன. தெருவோரக் கால்வாய்களில் மலைநீர் இடையறாது ஓடிற்று. 1887 முதல் ஈராண்டளவு அங்குத் தங்கிய எழுத்தாளர் லவ்காடியோ ஹேண், மஞ்சள் நிற வீடுகள் நிறைந்த அந்நகரைத் தம் நூலில் விரித்துரைத்தார். அதே 1887-இல் ஓவியர் பால் கோகன் நகருக்குத் தெற்கேயுள்ள கடற்கரையிற் சில மாதம் வாழ்ந்து சித்திரந் தீட்டினார். இவர்கள் கண்களுக்கு மலை அழகின் உறைவிடமாகவே தோன்றிற்று.

நகரத்தார் அது எரிமலை என்பதை அறியாதவர் அல்லர். 1792-இலும் 1851-இலும் அது சற்றே குமுறியதுண்டு. 1851-இற் சாம்பல் நகர்மீது படிந்தது. ஓராள்கூட அதனால் அழியவில்லை. அந்நிகழ்ச்சியைக் கண்ட முதியோர் 1902-இலும் உயிரோடிருந்திருத்தல் கூடும். ஆதலின் மலை மீண்டும் புகைந்தபோது அவர்களது அனுபவம் ஒன்றே கூறியது: முன்னர் வந்தது, ஒன்றுஞ் செய்யாது போயிற்று. அனுபவம் பொய் கூறவில்லை. ஆனால் அது போதுமானதாயில்லை.

1902-இன் தொடக்க மாதங்களிற் கந்தக நாற்றம் நகரை எட்டியது. ஏப்பிரில் இறுதி வாரத்தில் உச்சியிலுள்ள பழைய எரிவாயிலிருந்து புகையுஞ் சாம்பலும் எழுந்தன. வற்றிக்கிடந்த எரிவாய்க் குளம் நீரால் நிரம்பியது. மே முதல் நாட்களிற் சாம்பல் தெருக்களை வெண்மையாக்கிற்று. குதிரைகள் மூச்சுத்திணறி வீழ்ந்தன. பாடசாலைகளும் கடைகளும் மூடப்பட்டன. 5-ஆம் நாள் எரிவாயின் நீர் உடைத்துக்கொண்டு சேறும் பாறையுமாய்ப் பிளான்சு ஆற்றின் வழியே பாய்ந்து, அதன் முகத்திலிருந்த கேரேன் சீனி ஆலையைத் தொழிலாளரோடு மூடியது. கடல் பின்வாங்கிப் பின் மேலெழுந்து வந்தது. அயற் கிராமத்தார் நகரே பாதுகாப்பான இடமெனக் கருதி உள்ளே வந்து குவிந்தனர். நகரிலிருந்து சிலர் வெளியேறினர். வெளியேறியோரினும் வந்து சேர்ந்தோர் தொகை மிகுதி என்பர்.

தேசாதிபதி லூயி மூத்தே அறிஞர் குழுவொன்றை அமைத்தார். படை அதிகாரி, பொறியியலாளர், மருந்தாளர், லீசே ஆசிரியர் ஆகியோர் அதன் உறுப்பினர். அவருள் இயற்கை விஞ்ஞானம் கற்பித்த கஸ்தோன் லாந்தே என்பாரே எரிமலை பற்றிச் சிறிதேனும் அறிந்தவர். மே 7-ஆம் நாள் குழு தன் முடிவை வெளியிட்டது. எரிவாய் தென்மேற்காகப் பிளான்சுப் பள்ளத்தாக்கை நோக்கி வெட்டுண்டு திறந்துள்ளது. நகருக்கும் அதற்கும் இடையே மேடுகளும் பள்ளத்தாக்குகளும் உள. மலை எதனைக் கக்கினும் அது அப்பள்ளத்தாக்கின் வழியே கடலை அடையும். ஆதலின் நகருக்கு அபாயமில்லை. இதுவே முடிவின் சாரம்.

இக்கணக்கைப் பேதைமை என்று தள்ளுதல் எளிது. ஆனால் அக்காலத்து அறிவுநிலையில் அது ஒழுங்கான புவியியற் கணக்கே. எரிமலை என்றால் எரிகுழம்பு ஓடும். ஓடுவது எதுவாயினும் பள்ளத்தைத் தேடும். இரு நாட்களுக்கு முன் சேற்று வெள்ளமும் அவ்வழியேதான் சென்றது. குழுவினர் படத்தைப் பிழையாக வாசிக்கவில்லை. அவர்கள் படத்தில் இல்லாத ஒரு பொருள் வரப்போகின்றது என்பதே அவர்கள் அறியாதது. தம் கணக்கை லாந்தே தாமே நம்பினார் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அவர் நகரிலேயே தங்கி மறுநாள் மாண்டார். தேசாதிபதியும் மனைவியாரும் 7-ஆம் நாள் நகருக்கு வந்து, அவ்வாறே மாண்டனர்.

அதே 7-ஆம் நாள் தெற்கேயுள்ள சென் வின்சன்ற் தீவின் சூப்பிரியேர் எரிமலை வெடித்து ஏறக்குறைய 1,600 பேரை அழித்தது. அச்செய்தி சென் பியேரில் ஒருவகை ஆறுதலை அளித்தது என்பர். நிலத்தடியின் அழுத்தம் அங்கே தணிந்துவிட்டது என எண்ணினர்.

8-ஆம் நாள் கிறித்தவரின் விண்ணேற்றத் திருநாள். காலை 8 மணியளவில் மலையின் பக்கம் பிளந்தது போன்று ஒரு கரிய முகில் புறப்பட்டது. வானோக்கி எழாது நிலத்தோடு நிலமாகப் புரண்டுவந்த அம்முகில், பல நூறு பாகை வெப்பமுள்ள வாயுவும் சாம்பலும் கல்லுங் கலந்தது. குதிரையோ புகைவண்டியோ எட்ட இயலாத வேகம் அதற்கு. பள்ளத்தாக்குச் சொன்ன வழியிலே அது நிற்கவில்லை. மேடுகளைத் தாண்டி நகர்மீது விழுந்தது. வடக்கிலிருந்து வந்த அவ்வீச்சிற் கிழக்கு மேற்காக நின்ற சுவர்கள் வீழ்ந்தன. வடக்குத் தெற்காக நின்றவை பல எஞ்சின. றம் நிறைந்த பீப்பாக்கள் வெடித்துத் தெருக்களில் நெருப்பாய் ஓடின. விரிகுடாவில் நின்ற கப்பல்களும் எரிந்தன. றொடம் என்னும் பிரித்தானியக் கப்பல் மாத்திரம் எரிகாயமுற்றோரையும் இறந்தோரையும் சுமந்தவாறு சென் லூசியாவை அடைந்து முதற் செய்தியைக் கூறியது. இறந்தோர் ஏறக்குறைய 28,000 பேர்.

இனித் தேர்தற் கதையை நோக்கலாம். பிரெஞ்சுச் சட்டசபைத் தேர்தலின் முதற் சுற்று ஏப்பிரில் 27-இல் நிகழ்ந்தது. இரண்டாஞ் சுற்று மே 11-இற்குக் குறிக்கப்பட்டது. கட்சிப் பகையும் நிறப்பகையுங் கலந்து நகரில் உணர்ச்சி மிக்கிருந்தது உண்மை. உள்ளூர்ப் பத்திரிகை அச்சத்தைத் தணிக்க முயன்றதும் உண்மை. தேர்தலைத் தள்ளிவைக்க எவரும் எண்ணாதது குறையே. ஆயின் படைவீரரை நிறுத்தி வழிகளை மறித்தனர் என்பதற்குத் தக்க சான்று இல்லை எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். இறுதி நாட்களிலும் போர்த் த பிரான்சுக்குப் படகுகள் ஓடின; விரும்பியோர் சென்றனர். இக்கதை நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. ஒரு தேசாதிபதியின் கொடுமையால் 28,000 பேர் மாண்டனர் என்பது, நேர்மையான ஆசிரியர் ஒருவரின் நேர்மையான கணக்கால் மாண்டனர் என்பதினும் மனத்துக்கு ஏற்புடையது. இறந்த தேசாதிபதி மறுத்துரைக்கவும் வல்லனல்லன்.

நகரின் உள்ளே எஞ்சியோர் மிகச் சிலர். நாடகசாலையின் அயலிலிருந்த சிறையில், தடித்த கற்சுவரால் ஆகிய தனியறையிற் கிடந்த சிப்பாரி என்னுங் கைதி, கடுங்காயங்களோடு மூன்று நாட்களின் பின் மீட்கப்பட்டான். பின்னர் அமெரிக்க சேர்க்கசு ஒன்று அவனைத் தன்னோடு கொண்டுசென்று, அவ்வறையின் மாதிரியினுள் அமர்த்தி, அவன் வடுக்களைக் காசுக்குக் காட்டியது. நகரின் எல்லையில் வாழ்ந்த கொம்பேர் லேயாந்திர் என்னுஞ் சப்பாத்துத் தொழிலாளியும் பிழைத்தான்.

விஞ்ஞானம் அங்கிருந்து புதிதாகத் தொடங்கியது எனல் பொருந்தும். பிரான்சு அனுப்பிய அல்பிரெட் லக்குறுவா என்னும் அறிஞர் பல மாதம் அம்மலையிலே தங்கி ஆராய்ந்து, அம்முகிலுக்கு எரிமுகில் எனப் பொருள்படும் பெயரொன்றை வழங்கினார். 1904-இல் வெளிவந்த அவரது பெருநூல் இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று. இத்தகைய வெடிப்பு இன்றும் பெலேயன் வகை என்றே உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது. மலையோ அடங்கவில்லை. மே 20-இல் மீண்டும் வீசி, நின்ற சுவர்களையும் வீழ்த்தியது. ஆகத்து 30-இல் மோர்ன் றூசு முதலிய ஊர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை அழித்தது. பின்னர் எரிவாயிலிருந்து இறுகிய கற்கம்பம் ஒன்று எழுந்து 1903-இல் ஆயிரம் அடி உயரத்தை எட்டி, உதிர்ந்து வீழ்ந்தது.

நகர் மீண்டது மெல்லவே. 1910-இல் சட்டம் அதன் பெயரையே ஊராட்சிப் பட்டியலிலிருந்து நீக்கி அயலூரோடு சேர்த்தது, 1923-இல் மீட்டளித்தது. அழிவின்போது பிரான்சிற் கல்வி பயின்றுகொண்டிருந்தமையால் உயிர்தப்பிய விக்தோர் தெப்பாசு என்னும் இளைஞர் திரும்பிவந்து, மலையடிவாரத்தில் 1917-இல் றம் வடிசாலையைத் தொடங்கினார். 1929 முதல் 1932 வரை மலை மீண்டும் குமுறியபோது அங்கிருந்து ஆராய்ந்த அமெரிக்கராகிய பிராங் பெறெற் 1933-இல் நூதனசாலை அமைத்தார். உருகிய கண்ணாடியும் நசுங்கிய ஆலயமணியும் அங்குள. வணிகம் மாத்திரம் திரும்பவில்லை. நீராவிக் கப்பலுக்குக் காற்றொதுக்குத் தேவையில்லை; ஆழ்குடாவும் துறையுமே தேவை. எரிமலை அழியாது விட்டிருப்பினும் சென் பியேரின் முதன்மை சில பத்தாண்டுகளிற் போர்த் த பிரான்சுக்குச் சென்றிருக்கும் எனக் கருத இடமுண்டு.

சென் பியேரின் நினைவு அயற்றீவுகளின் தீர்மானங்களையும் ஆண்டது. 1976-இற் குவாதலூப்புத் தீவின் சூப்பிரியேர் மலை குமுறியபோது 70,000-க்கு மேற்பட்ட மக்கள் பல மாதங்கள் அகற்றப்பட்டனர். அஞ்சிய பெருவெடிப்பு நிகழவில்லை. வீண் அச்சத்தால் வாழ்வு குலைந்தது என அறிஞர்மேற் குறைகூறினோர் பலர்.

இன்று சென் பியேர் செல்வோர் நாடகசாலையின் படிக்கட்டையும், அதன் பக்கத்திலே சிப்பாரியின் கல்லறை போன்ற சிறையறையையும், விரிகுடாவின் அடியிற் கிடக்கும் கப்பல்களைக் காண மூழ்குவோரையும் காணலாம். 2023-இற் பெலே மலையும் அயலிலுள்ள வடசிகரங்களும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்னரே, 2020 டிசம்பரில், நிலத்தடி அதிர்வுகள் மிகுந்தமையால் மலையின் எச்சரிக்கை நிலை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு உயர்த்தப்பட்டது. நகருக்குத் தென்கிழக்கே மோர்ன் தே கதே என்னும் மேட்டிலே முன்னர்க் கண்காணிப்பு நிலையம் இருந்தது. அங்கு நின்று நோக்குவார்க்கு மலையுச்சியும், கீழே கரையோரமாக நீண்டு கிடக்கும் ஊரும் ஒருங்கே தெரியும்.